குண்டுப் பூனை சாப்பிடவில்லையா? ஒரு நாளுக்கு மேல் பொறுக்காதீர்கள்

"பசி எடுத்தால் தானே வந்து தின்னும், விடு" என்று பூனை வளர்க்கிற வீட்டில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார்கள். நாய்க்கு அது ஓரளவு சரி. வயிறு தொங்கத் தொங்க நடக்கிற பூனைக்கு அந்தப் பேச்சை நம்பி உட்கார்ந்தால் கல்லீரல் போய்விடும். நானும் அப்படி உட்கார்ந்தவன்தான். என் பூனை பஞ்சு 6.4 கிலோ இருந்தாள், இளைக்க வைக்கிறேன் பேர்வழி என்று பழைய டிரை ஃபுட்டை ஒரே நாளில் நிறுத்திவிட்டு டயட் ஃபுட் வைத்தேன். முகர்ந்து பார்த்தாள், லிட்டர் பாக்ஸில், அதாவது பூனை வெளிக்குப் போகிற மண் தொட்டியில், மண் தள்ளி மூடுவது மாதிரி கிண்ணத்தைச் சுற்றித் தரையைப் பிராண்டினாள், போய்ப் படுத்துவிட்டாள். சரி, பிடிவாதம் என்று இரண்டு நாள் விட்டேன். மூன்றாம் நாள் டாக்டரிடம் வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது. ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்தது, தப்பித்தோம்.

உள்ளே நடப்பது இதுதான். சாப்பாடு நின்றால் உடம்பு சேர்த்து வைத்த கொழுப்பை எடுத்து ரத்தத்தில் விடும், அது கல்லீரலில் போய் இறங்கும். அதை எரிக்கவும் வெளியே அனுப்பவும் கல்லீரலுக்குப் புரதம் வேண்டும். பூனை சுத்த அசைவம், அதற்குப் புரதம் சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும், அதுதான் நின்றுவிட்டதே. அதனால் வந்த கொழுப்பு கல்லீரல் செல்களுக்குள்ளேயே தேங்குகிறது. பூனை எவ்வளவு குண்டோ அவ்வளவு கொழுப்பு வந்து இறங்கும். ஹெப்பாட்டிக் லிப்பிடோசிஸ் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். கல்லீரல் கெட்டால் குமட்டும், குமட்டினால் இன்னும் சாப்பிடாது, அப்படியே சுழன்றுகொண்டு போகும். முழுப் பட்டினியில்தான் வரும் என்றில்லை, வழக்கத்தில் பாதிக்கும் கீழே பல நாள் கொறித்துக்கொண்டிருந்தாலும் வரலாம்.

ஆகவே முதல் வேலை, உங்கள் பூனை உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறது என்று தெரிந்துகொள்வது. பலருக்குத் தெரியாது. மூன்று பூனைக்கு ஒரே கிண்ணம், காலையில் நிரப்பினால் மாலையில் காலி, எல்லாரும் சாப்பிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வோம், ஒன்று நான்கு நாளாகக் கிண்ணத்துப் பக்கமே வந்திருக்காது. தனித்தனிக் கிண்ணம் வையுங்கள். சமையலறைத் தராசில் கிராம் கணக்காக நிறுத்து வைத்து, ராத்திரி மிச்சத்தையும் நிறுத்துப் பாருங்கள். ஒரு முழு நாள் எதுவும் தொடவில்லை என்றால் டாக்டருக்கு போன் போடுங்கள். இரண்டாவது நாளும் அப்படியே என்றால் போன் எல்லாம் வேண்டாம், கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு போங்கள்.

ஏன் சாப்பிடவில்லை என்பதையும் டாக்டர்தான் பார்க்க வேண்டும். பல நேரம் அடியில் வேறு ஏதாவது இருக்கும்: பல் வலி, கணையத்தில் வீக்கம், குடல் கோளாறு, சர்க்கரை. சில நேரம் காரணம் வீட்டிலேயே இருக்கும். வீடு மாறியிருப்பீர்கள், புதுக் குட்டி வந்திருக்கும், தீபாவளி வெடிச் சத்தத்தில் பீரோவுக்குப் பின்னால் போனது இன்னும் வெளியே வந்திருக்காது. அப்படியானால் கிண்ணத்தையும் தண்ணீரையும் அது ஒளிந்திருக்கிற இடத்துக்கே கொண்டுபோய் வையுங்கள், லிட்டர் பாக்ஸை மட்டும் கொஞ்சம் தள்ளி.

டாக்டரைப் பார்க்கும்வரை எதையாவது சாப்பிட வைப்பதுதான் குறி. பூனைக்கென்று விற்கிற கிரேவி பாக்கெட்டை வெந்நீரில் சிறிது நேரம் போட்டு வெதுவெதுப்பாக்குங்கள். பூனை மூக்கால்தான் சாப்பாட்டை முடிவு செய்கிறது, ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததில் வாசனையே இருக்காது. உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழியைப் பிய்த்துப் போடலாம். வெங்காயம், பூண்டு போட்ட குழம்பிலிருந்து எடுத்துக் கழுவிப் போடுவது கூடாது, இரண்டுமே பூனைக்கு விஷம். கொஞ்சமாக வைத்து, அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். டயட் எல்லாம் இந்த நேரத்தில் மறந்துவிடுங்கள், பழைய கொழுப்புத் தீனிதான் வேண்டும் என்றால் அதுவே இருக்கட்டும்.

வாயைத் திறந்து சிரிஞ்சில் திணிப்பதை டாக்டர் சொல்லாமல் செய்யாதீர்கள். நுரையீரலுக்குள் போய்விடலாம், தவிர குமட்டலோடு இருக்கும்போது திணித்த சாப்பாட்டை அது அப்புறம் ஜென்மத்துக்கும் தொடாது. சாப்பாட்டில் மாத்திரையைப் பொடித்துக் கலந்தாலும் இதே கதைதான்.

தினமும் ஒரு தடவை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள், டியூப்லைட்டில் தெரியாது. உதட்டைத் தூக்கி ஈறு, காதின் உட்புறம், கண்ணின் வெள்ளை. எலுமிச்சை நிறம் லேசாகத் தட்டினாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. எச்சில் ஒழுகுவது, வாந்தி, தலையைத் தூக்க முடியாமல் கிடப்பது எல்லாம் அதே கணக்கு. மஞ்சள் காமாலை என்றதும் கீழாநெல்லியை அரைக்கப் போகாதீர்கள், அதற்குத் தேவை சாப்பாடு. வீட்டில் இருக்கிற பாராசிட்டமால் கண்ணிலேயே படக்கூடாது, ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

இதெல்லாம் ஓய்ந்து, பூனை ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்த பிறகு இளைக்க வைக்கலாம், மெதுவாக. வாரத்துக்கு உடல் எடையில் அரை முதல் 2 சதவீதம். 6 கிலோ பூனைக்கு 30 முதல் 120 கிராம். நாம் ஏறி நிற்கிற தராசில் இந்த வித்தியாசம் சரியாகத் தெரியாது. குழந்தைகளுக்கான தராசு இருந்தால் நல்லது, நான் பஞ்சுவைப் பிளாஸ்டிக் கூடையில் உட்கார வைத்து மளிகைக்கடைத் தராசில் நிறுத்தினேன், அண்ணாச்சி சிரித்தார், ஆனால் மாட்டேன் என்று சொல்லவில்லை. புதுத் தீவனத்தைப் பழையதில் கால் பங்கு கலந்து தொடங்கி, பத்து நாளில் முழுசாக மாற்றுங்கள். நடுவில் சாப்பாடு குறைந்தால் ஒரு படி பின்னால் வாருங்கள். 4 கிலோ இருக்க வேண்டிய பூனைக்கு இளைக்கும் காலத்தில் நாளுக்குச் சுமார் 160 கலோரி, டிரை ஃபுட்டில் ஏறத்தாழ 40, 45 கிராம். உங்கள் பூனைக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள், நீங்களாக அதற்குக் கீழே இறக்க வேண்டாம். பால்சோறு, தயிர்சோற்றில் வயிறு நிறையும், புரதம் சேராது.

கல்லீரலில் கொழுப்பு ஏறிவிட்டது என்றே டாக்டர் சொன்னாலும் கைவிடாதீர்கள், சீக்கிரம் ஆரம்பித்தால் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்ளும். கழுத்து வழியாக உணவுக்குழாயில் ஒரு டியூப் வைப்பார்கள். பார்க்கப் பயமாக இருக்கும், பூனை அதைப் பெரிதாகச் சட்டை செய்யாது. பல வாரம் வீட்டில் நீங்களே அதில் கரைத்த உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டியிருக்கும். பட்டினி கிடந்த உடம்பில் ஒரேயடியாக நிறைய விட்டால் ரத்தத்தில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் சரிந்துவிடும், அதனால் முதல் சில நாள் அவர்கள் சொல்லும் அளவைத் தாண்டாதீர்கள். டியூப் இருக்கும்போதே பக்கத்தில் ஒரு தட்டில் கொஞ்சம் சாப்பாடு வைத்திருங்கள், அது தானாக வந்து நக்க ஆரம்பித்ததும் டாக்டரிடம் சொல்லலாம்.