விகிதமுறு எண்களின் பண்புகள்: நேர்மாறில் குறி தவறாமல் இருக்க

விகிதமுறு எண்களின் பண்புகளை வெறும் பெயர்ப்பட்டியலாக மனப்பாடம் செய்தவர்களில் நானும் ஒருவன். பெயர்கள் மறக்கவில்லை, கணக்குதான் தவறிக்கொண்டே இருந்தது. பின்னங்களைக் கூட்டவும் பெருக்கவும் உங்களுக்குத் தெரியும் என்று கொண்டு, நேரே பண்புகளுக்கு வருகிறேன்.

படி 1: தொகுதியும் பகுதியும் முழுக்களாகவும், பகுதி பூச்சியமாக இல்லாமலும் எழுத முடிகிற எண் விகிதமுறு எண். எந்தக் கணக்கைத் தொடங்கும் முன்பும் அதை எளிய வடிவுக்குச் சுருக்கி, குறைக்குறியைத் தொகுதிக்கு ஏற்றிவிடுங்கள். 6/(−14) என்பதை −3/7 என்று எழுதாமல் நான் அடுத்த வரிக்குப் போவதில்லை.

படி 2: இரு விகிதமுறு எண்களைக் கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் விடை விகிதமுறு எண்ணே. இதுவே அடைவுப் பண்பு. வகுத்தலில் பூச்சியத்தால் வகுக்க முடியாததால் இப்பண்பு அங்கே உடைகிறது. பூச்சியத்தை நீக்கிவிட்டால் அங்கும் நிற்கும்.

படி 3: எண்களின் வரிசையை மாற்றினாலும் விடை மாறாத பரிமாற்றுப் பண்பும், அடைப்பை நகர்த்தினாலும் விடை மாறாத சேர்ப்புப் பண்பும் கூட்டலுக்கும் பெருக்கலுக்கும் மட்டுமே உண்டு. கழித்தலில் (1/2 − 1/3) − 1/6 என்பது 0. அடைப்பை நகர்த்தி 1/2 − (1/3 − 1/6) என்று எழுதினால் 1/3.

படி 4: நான் நெடுநாள் தடுக்கி விழுந்த இடம் இது. −3/7 இன் கூட்டல் நேர்மாறு (அதனோடு கூட்டினால் 0 தரும் எண்) 3/7 என்று சரியாக எழுதிவிட்டு, அதே வேகத்தில் பெருக்கல் நேர்மாறை (அதனோடு பெருக்கினால் 1 தரும் எண்ணை) 7/3 என்று எழுதுவேன். முதலில் குறியை மாற்றிய கை, எண்ணைத் தலைகீழாக்கும்போதும் பழக்கத்தில் குறியை மாற்றிவிடும். பெருக்கிப் பார்த்தால் தவறு உடனே தெரியும்: (−3/7) × (7/3) = −1. நமக்கு வேண்டியது 1. குறை எண்ணை இன்னொரு குறை எண்ணால் பெருக்கினால்தான் மிகை எண் கிடைக்கும் என்பதால், விடை −7/3. ஆகவே விதியை நினைவுபடுத்திக்கொள்வதைவிட, எதைக் கூட்டினால் 0 வரும், எதைப் பெருக்கினால் 1 வரும் என்று இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்பதே நல்லது. பூச்சியத்துக்குப் பெருக்கல் நேர்மாறு ஏன் இல்லை என்பதற்கும் இரண்டாம் கேள்வியே விடை சொல்லிவிடும். எதனால் பெருக்கினாலும் 0 தானே வரும்.

படி 5: பங்கீட்டுப் பண்பை, அதாவது a × (b + c) = a × b + a × c என்பதை, வலமிருந்து இடமாகப் பின்னோக்கியும் பயன்படுத்துங்கள். (−3/7) × 5/8 + (−3/7) × 3/8 என்பதில் பொதுவான −3/7 ஐ வெளியே எடுத்தால் அடைப்புக்குள் 1 மிஞ்சும், விடை −3/7. தனித்தனியே பெருக்கினால் −15/56, −9/56 என்று சுற்றி அதே இடத்துக்குத்தான் வர வேண்டும்.

இவற்றைச் சரிபார்க்கக் கால்குலேட்டரை நான் எடுப்பதில்லை. முடிவில்லாமல் நீளும் 1/3 ஐ அது சில இலக்கங்களோடு வெட்டிவிடுவதால், தாளும் பென்சிலுமே நம்பத்தக்கவை.

பின்சேர்க்கை: 3/7 க்கும் 4/7 க்கும் இடையே எண்ணே இல்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். அவற்றை 30/70, 40/70 என்று எழுதினால் 31/70 முதல் 39/70 வரை ஒன்பது எண்கள் கிடைக்கும். 300/700, 400/700 என்று எழுதினால் தொண்ணூற்றொன்பது. பகுதியைப் பெருக்கிக்கொண்டே போகலாம். இடையில் உள்ள எண்கள் தீரப் போவதில்லை.