நாட்டுக் கெளுத்தியா, ஆப்பிரிக்கக் கெளுத்தியா? பார்த்துக் கண்டுபிடிப்பது எப்படி

சந்தையில் அண்டாவுக்குள் நெளிகிற கறுப்பு மீனைக் காட்டி 'நாட்டுக் கெளுத்தி' என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க மத்திய அரசு 2000லேயே தடை போட்டும் அது இன்னும் விற்பனைக்கு வந்துகொண்டுதான் இருக்கிறது. மீசையை வைத்து முடிவு செய்யாதீர்கள், இரண்டுக்குமே நான்கு ஜோடி மீசைதான். தண்ணீருக்கு வெளியே வெகுநேரம் உயிரோடு கிடப்பதும் இரண்டுக்கும் பொது.

முதலில் முதுகைப் பாருங்கள். முதுகுத் துடுப்பு தலைக்குக் கொஞ்சம் பின்னால் தொடங்கி வால் வரை நீளமாக ஓடினால் அது இந்த இரண்டில் ஒன்று. துடுப்பு குட்டையாக முன்பக்கத்தில் மட்டும் நின்றால் அது வேறு மீன், தேளியாக இருக்கலாம். தேளியின் மார்புத் துடுப்பு முள்ளில் விஷம் உண்டு, குத்தினால் கை வீங்கி வலி உயிர் போகும், அதனால் அந்த மீனை வெறும் கையால் தொடவே வேண்டாம்.

சரி, துடுப்பு நீளம்தான் என்றால் அடுத்து மார்புத் துடுப்பின் முள். ஈரத் துணியால் தலைக்குப் பின்னால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, முள்ளை விரித்து அதன் இரண்டு ஓரத்திலும் நகத்தை மெதுவாக ஓட்டுங்கள். ஆப்பிரிக்க மீனுக்கு வெளி ஓரத்தில் மட்டும்தான் ரம்பப் பல் இருக்கும், உடம்பைப் பார்த்த உள் ஓரம் வழவழப்பாக இருக்கும். நாட்டு மீனுக்கு உள் ஓரத்தில் பல் நன்றாகத் தட்டுப்படும், வெளி ஓரம் வெறும் சொரசொரப்புதான். நான் அதிகம் நம்புவது இந்தச் சோதனையைத்தான், ஏனென்றால் நிறம் மாதிரி இது குளத்துக்குக் குளம் மாறாது.

அப்புறம் மீனைத் திருப்பித் தலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். வளர்ந்த ஆப்பிரிக்க மீனில் இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஒரு கருமையான பட்டை ஓடும். குஞ்சில் இது இருக்காது, ஆகவே பட்டை இல்லை என்பதற்காக அது நாட்டு மீன் என்று முடிவு கட்டாதீர்கள். உடம்பில் சலவைக்கல் போலத் திட்டுத் திட்டாக இருந்தால் சந்தேகப்படலாம், ஆனால் கலங்கல் தண்ணீரில் வளர்ந்த மீனில் அந்தத் திட்டு மங்கிப்போகும்.

எடையும் காட்டிக்கொடுக்கும். நம் மீன் அரை மீட்டரைத் தொடுவதே அபூர்வம், ஆப்பிரிக்க மீனோ ஒரு மீட்டரைத் தாண்டி வளரும். மூன்று நான்கு கிலோ மீனை 'நாட்டு' என்று விற்றால் வாங்காமல் நகர்ந்துவிடுங்கள்.

வெட்டிய மீன் என்றால் செவுளைத் திறந்து முதல் வளைவில் உள்ள சீப்புப் பற்களைப் பாருங்கள். பெரிய ஆப்பிரிக்க மீனில் அவை மெல்லியதாக, நெருக்கமாக இருக்கும், எண்ணிக்கை நூறைக்கூட எட்டும். நாட்டு மீனில் சொற்பம்தான்.

இரண்டையும் கலந்து பொரிக்க வைத்த குஞ்சுகளும் உண்டு, அவற்றில் அடையாளங்களும் கலந்தே வரும். அதனால் குளத்தில் விட குஞ்சு வாங்குகிறவர்கள் கண்ணை மட்டும் நம்பாமல், தாய் மீன் எங்கிருந்து வந்தது என்று கேட்டு, முடிந்தால் அதை நேரில் பார்த்து முள்ளைத் தடவிவிட்டுப் பணம் கொடுங்கள். சந்தேகம் தீராத குஞ்சை ஏரியிலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள், பக்கத்தில் உள்ள மீன்வளத்துறை அலுவலகத்தில் காட்டுங்கள்.