கும்மிப் பாட்டு எழுதுகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன்

காங்கேயம், அவினாசி, பொங்கலூர் என்று கொங்கு நாட்டில் ஊருக்கு ஊர் வள்ளிக் கும்மி அரங்கேற்றம் நடக்கிறது. புதுப் பாட்டு எழுதுகிறவர்களும் பெருகிவிட்டார்கள். மனம் நிறைகிறது. ஆனால் ஒலிப்பதிவு முடிந்ததும் தயாரிப்பாளர்கள் ஒரு தொகையைக் கையில் கொடுத்து, 'சகல உரிமைகளும் நிரந்தரமாக' என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். அவசரப்படாதீர்கள்.

ஒரு பாட்டில் தனித்தனி உரிமைகள் உண்டு. ஒலிப்பதிவு, செலவழித்துத் தயாரித்தவருக்கு. வரிகள், எழுதியவருக்கு. மெட்டு, அமைத்தவருக்கு. வரிகளின் உரிமையை எழுதிக் கொடுத்தாலும், வாங்கியவரோடு சமமாக ராயல்டி பெறும் உரிமை உங்களை விட்டுப் போகாது. 2012ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத் திருத்தம் தந்த பாதுகாப்பு இது. வாரிசுக்கோ, உறுப்பினர்களுக்காக ராயல்டி வசூலிக்கும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அதை மாற்ற முடியாது, மாற்றி எழுதிய ஒப்பந்தம் செல்லாது. காலம் குறிப்பிடாத ஒப்பந்தம் ஐந்து ஆண்டுக்குத்தான். அதனால் 'நிரந்தரமாக' என்ற சொல்லை அடிக்கச் சொல்லுங்கள்.

உரிமை இருந்தால் மட்டும் பணம் வீடு தேடி வராது. ஐ.பி.ஆர்.எஸ். (இந்தியன் பெர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி) என்ற பதிப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகி, ஒவ்வொரு பாட்டையும் பதிவு செய்யுங்கள். பழைய கும்மி மெட்டு என்றால் மரபு மெட்டு என்றே குறிப்பிடுங்கள். அது ஊருக்குப் பொது. உங்கள் புது வரிகள் மட்டும் உங்களுடையவை, ஆயுளுக்குப் பிறகும் 60 ஆண்டுகள்.

கோயில் சடங்கில் பாடுவதற்குச் சட்டமே விலக்கு அளிக்கிறது, அங்கே காசு கேட்க இடமில்லை. அதே பாட்டை யூடியூபில் ஏற்றினால் கணக்கு வேறு.