தட்டு திரும்பி வர வேண்டாம்

சென்னை ராயபுரத்தில் எங்கள் சந்தில் பதினோரு வீடு. கிறிஸ்துமசுக்கு எல்லா வீட்டுக்கும் எங்கள் வீட்டிலிருந்து பலகாரத் தட்டு போகும். ஒரு வருஷம் எதிர்வீட்டு அக்கா கதவையே திறக்கவில்லை. உள்ளே லைட் எரிகிறது, டிவி ஓடுகிறது. எனக்குக் கோபம். பொங்கலுக்கு முன்னால் அவரே சொன்னார்: "வெறுந்தட்டை எப்பிடிம்மா திருப்பித் தர்றது? அன்னைக்கு வீட்ல ஒரு பிடி சக்கரை கூட இல்ல."

விருந்து வைத்தால் பதிலுக்குக் கூப்பிட முடியாதவர்களைக் கூப்பிடு என்று லூக்கா 14-ல் இயேசு சொல்கிறார். கொடுப்பவருக்கு அது சுலபம். வாங்குபவருக்குத்தான் கஷ்டம் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அதனால் முதல் வேலை, எவர்சில்வர் தட்டை அலமாரியிலேயே வைத்துவிடுங்கள். பலகாரத்தை வாழை இலையில் கட்டியோ அட்டைப் பெட்டியில் போட்டோ கொடுங்கள். திருப்பித் தர எதுவும் இருக்கக் கூடாது. கேக்கில் முட்டை இருக்கும், சிலர் ரம்மும் சேர்ப்பார்கள். சைவ வீட்டுக்கும் பாய் வீட்டுக்கும் முட்டை சேர்க்காமல் செய்த கல்கல்ஸ் என்கிற பொரித்த இனிப்பும் முறுக்கும் போதும். பிரியாணி என்றால் முதலில் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

அடுத்தது கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும்: யாருக்கு உதவ நினைக்கிறீர்களோ, அவரிடம் போய் நீங்கள் ஒரு உதவி கேளுங்கள். எதிர்வீட்டு அக்காவுக்கு அச்சு முறுக்கு கைவந்த கலை. அச்சை எண்ணெயில் நன்றாகக் காயவைத்து, மாவில் முக்கால்வாசி மட்டும் முக்க வேண்டும். முழுசாக முக்கினால் மாவு அச்சின் மேலே மூடிக்கொண்டு கழன்று வராது. எனக்கு எப்போதும் ஒட்டும். "அக்கா, வந்து சுட்டுக் கொடுங்க" என்றேன். டிசம்பர் 20 வாக்கில் இரண்டு நாள் வந்தார். கூலி கொடுத்தேன், பலகாரத்தில் பாதியும் அவர் வீட்டுக்குப் போனது. அந்த வருஷம் சந்து முழுக்கப் பலகாரம் கொண்டுபோனது அவர்தான்.

துணி வாங்குவதாக இருந்தால் நீங்களாக எம்.சி. ரோட்டில் அள்ளிக்கொண்டு வராதீர்கள். பணத்தைக் கவரில் போட்டுக் கொடுங்கள், பிள்ளை தனக்குப் பிடித்த கலரை எடுக்கட்டும். போட்டோ எடுக்கவே கூடாது. எங்கள் அன்பியத்தில், அதாவது பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கர்கள் சேர்ந்து ஜெபிக்கும் குழுவில், ஒருமுறை சேலை கொடுத்தபோது எடுத்த படம் வாட்சப்பில் சுற்றி, வாங்கியவரின் மகள் காலேஜ் வரைக்கும் போய்விட்டது. அந்தப் பெண் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை. நியாயம்தான்.

கேட்காமல் கொடுக்காதீர்கள் என்பதை 2023 டிசம்பரில் கற்றுக்கொண்டோம். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. பிஸ்கட்டும் பிரெட்டுமாக மூன்று மூட்டை கட்டிக்கொண்டு போனோம். அங்கே ஏற்கெனவே பிரெட் குவிந்து கிடந்தது. அவர்கள் கேட்டது பாய், கொசுவர்த்தி, நாப்கின், சுவர்க் கறையைத் தேய்க்க சோப்புத் தூள். மறுபடி ஒரு நடை போனோம்.

வீடு சந்திக்க இரண்டு பேராகப் போங்கள். ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பான வின்சென்ட் தே பவுல் சபைக்காரர்களின் பழக்கம் அது. உட்காருங்கள், தண்ணீர் கொடுத்தால் குடியுங்கள். ஜெபம் சொல்லட்டுமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

சரி, ஸ்டாரைக் கழற்றிய பிறகு? அன்பெல்லாம் குடிலோடு பரணுக்குப் போய்விடுவதுதான் நம் வழக்கம். நான் புதுக் காலண்டர் வந்ததும் சில தேதிகளை வட்டமிடுகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும், படகில் கூலிக்குப் போகிறவர்களுக்கு வருமானம் நிற்கும். பள்ளிக்கூடம் திறப்பதும் அதையொட்டித்தான். கிறிஸ்துமசுக்கு வைத்திருக்கும் பணத்தில் பாதியை இதற்கென்று தனியாக எடுத்து வையுங்கள். மே மாதம் மளிகைக் கடையில் அந்த வீட்டுக் கணக்கில் கட்டிவிட்டு, யார் கட்டியது என்று சொல்ல வேண்டாம் எனக் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் கடைக்காரர் அண்ணன் ஒருமுறை உளறிவிட்டார், அது வேறு கதை.

இந்த வருஷமும் அக்கா 20-ஆம் தேதி வருகிறார். அச்சை அவர் வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.