யூத இனப்படுகொலை பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பள்ளிப் பேச்சுப் போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். தலைப்பு ‘தன்னம்பிக்கை’. பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன், வியன்னா ஓவியப் பள்ளி இரண்டு முறை திருப்பி அனுப்பிய இளைஞன் பின்னாளில் ஒரு நாட்டையே ஆண்ட கதையைச் சொன்னான். அந்த இளைஞன் ஹிட்லர். அரங்கம் கைதட்டியது. பையன் அருமையாகப் பேசினான். சொன்ன தகவலும் பொய்யில்லை. 1907இலும் 1908இலும் ஹிட்லருக்கு அங்கே இடம் கிடைக்கவில்லைதான். ஆனால் அந்த ஆட்சியில் கொல்லப்பட்ட 60 லட்சம் யூதர்கள் அந்தப் பேச்சில் ஒரு வரியாகக்கூட வரவில்லை. எனக்கே வீட்டுக்கு வந்த பிறகுதான் அது உறைத்தது.

அதற்குப் பிறகு, நம்மிடையே இந்த விஷயம் எப்படிப் பேசப்படுகிறது என்று கவனித்து வருகிறேன். மனதில் வன்மம் வைத்துப் பேசுபவர்கள் குறைவு. தெரியாமல் சொல்பவர்களே அதிகம். ஆனால் தெரியாமல் சொன்னது என்று விட்டுவிடும் காலம் இல்லை இது. 2018 அக்டோபரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் யூதத் தொழுகைக் கூடத்துக்குள் புகுந்த ஒருவன் 11 பேரைச் சுட்டுக் கொன்றான். 2025 அக்டோபரில் மான்செஸ்டரில், யூதர்களுக்கு மிகப் புனிதமான யோம் கிப்பூர் நாளில், தொழுகைக் கூடத்தின் மீது நடந்த தாக்குதலில் 2 பேர் உயிரிழந்தார்கள். தூரத்துச் செய்தி என்று ஒதுக்க முடியாது. 2008 மும்பைத் தாக்குதலில் பயங்கரவாதிகள் தேடிப் போன இடங்களில் ஒன்று நரிமன் ஹவுஸ் என்ற சிறிய யூத மையம். அங்கே இளம் மதகுருவும் அவர் மனைவியும் விருந்தினர்களும் கொல்லப்பட்டார்கள். அதனால்தான், நாம் போகிற போக்கில் சொல்லும் சில வாக்கியங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க நினைக்கிறேன்.

“எங்க ஹெட்மாஸ்டர் ஒரு ஹிட்லர்”

கண்டிப்பான அப்பா ஹிட்லர், விடுப்பு தராத மேலாளர் ஹிட்லர், புகை மூட்டம் சூழ்ந்த டெல்லி ‘கேஸ் சேம்பர்’, அதாவது யூதர்களைக் கொன்ற விஷவாயு அறை. இப்படிச் சொல்லிச் சொல்லி, கோடிக்கணக்கானவர்களின் சாவுக்குக் காரணமான பெயர் கண்டிப்புக்கு மறுபெயராகிவிட்டது. நடைபாதைப் புத்தகக் கடைகளில் அவருடைய சுயசரிதை தன்னம்பிக்கை நூல்களுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. ‘வெள்ளைக்காரனை எதிர்த்தவர்’ என்ற பெருமை வேறு. அந்தப் புத்தகத்திலேயே, இந்தியா வேறு யாரிடமும் இருப்பதைவிட ஆங்கிலேயர் ஆட்சியில் இருப்பதையே தான் விரும்புவதாக ஹிட்லர் எழுதியிருக்கிறார். நம் விடுதலைப் போராட்டத்தின் மீது அவருக்கு ஏளனம்தான் இருந்தது. கண்டிப்பானவரைக் கண்டிப்பானவர் என்று சொல்ல நம் மொழியில் சொல்லுக்கா பஞ்சம்?

“ஒரு பைத்தியக்காரன் செய்த வேலை”

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான் என்பது என் எண்ணம். ஒரு ஆளின் வெறி என்று முடித்துவிட்டால், அந்த ஆள் செத்ததும் கதை முடிந்துவிடுகிறது. நடந்தது அப்படி இல்லை.

ஹிட்லர் 1933 ஜனவரியில் பிரதமர் பொறுப்புக்கு வந்தார். ஏப்ரல் 1 அன்று யூதர் கடைகளைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். அதே வாரம் யூதர்களை அரசு வேலையிலிருந்து நீக்கும் சட்டம் வந்தது. 1935 செப்டம்பரில் நியூரம்பர்க் சட்டங்கள் குடியுரிமையைப் பறித்தன. யூதருக்கும் ஜெர்மானியருக்கும் திருமணம் கூடாது என்றன. தாத்தா பாட்டிகளில் மூன்று பேர் யூதர் என்றால் நீங்களும் யூதர், கிறிஸ்தவராக மாறியிருந்தாலும் சரி. 1938 நவம்பர் 9 இரவு தொழுகைக் கூடங்கள் எரிந்தன, கடைகள் நொறுங்கின. சுமார் 30,000 யூத ஆண்களைப் பிடித்து முகாம்களில் அடைத்தார்கள். அப்புறம், நடந்த சேதத்துக்கெல்லாம் யூதர்களே பொறுப்பு என்று 100 கோடி மார்க் அபராதமும் போட்டார்கள். கூட்டம் கூட்டமாகச் சுட்டுக் கொல்வது 1941இல்தான் தொடங்கியது. இடையில் எட்டு ஆண்டுகள். அந்த எட்டு ஆண்டுகளிலும் சட்டம் எழுதியவர், முத்திரை குத்திய எழுத்தர், வெளியேற்றப்பட்டவர் வீட்டு மேசையை ஏலத்தில் எடுத்த பக்கத்து வீட்டுக்காரர் என்று எத்தனையோ பேர் இருந்தார்கள்.

1942 ஜனவரி 20 அன்று பெர்லின் புறநகரில் வான்சே ஏரிக்கரை மாளிகை ஒன்றில் 15 உயர் அதிகாரிகள் கூடினார்கள். அவர்களில் 8 பேர் முனைவர் பட்டம் பெற்றவர்கள். கொல்லலாமா வேண்டாமா என்பது அங்கே பேச்சே இல்லை. கொலைகள் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தன. ஐரோப்பாவின் 1 கோடியே 10 லட்சம் யூதர்களையும் ‘முடிக்க’ எந்தத் துறை என்ன செய்ய வேண்டும் என்பதுதான் விவாதம். சுமார் ஒன்றரை மணி நேரத்தில் கூட்டம் முடிந்தது. ரயில்வே துறையோ கொலைமுகாமுக்குக் கொண்டு போகப்பட்டவர்களுக்கு மூன்றாம் வகுப்புக் கட்டணம் கணக்குப் போட்டது. 10 வயதுக்குள் இருந்தால் அரை டிக்கெட், 4 வயதுக்குள் இருந்தால் இலவசம். யூதர்களுக்குப் போகும் வழிக்கு மட்டும். காவலுக்குப் போனவர்களுக்குத் திரும்பி வரும் வழிக்கும் சேர்த்து. இந்தக் கணக்கை யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து, பேனா பிடித்து எழுதியிருக்கிறார். அவர் பைத்தியக்காரர் இல்லை.

வெளியே இருந்த உலகமும் கதவைத் திறக்கவில்லை. 1938 ஜூலையில் பிரான்சின் எவியான் நகரில் 32 நாடுகள் கூடி அகதிகளுக்காக வருந்தின. பெரும்பாலானவை யாரையும் கூடுதலாக ஏற்கவில்லை. அடுத்த ஆண்டு 937 பயணிகளோடு போன ‘செயின்ட் லூயிஸ்’ கப்பலைக் கியூபாவும் அமெரிக்காவும் கனடாவும் கரைசேர விடவில்லை. ஐரோப்பாவுக்குத் திரும்பியவர்களில் 254 பேர் பின்னால் கொல்லப்பட்டார்கள்.

“நெருப்பில்லாமல் புகையுமா?”

யூதர்களும் ஏதாவது செய்திருப்பார்கள், இல்லாவிட்டால் ஏன் இவ்வளவு வெறுப்பு? இதைப் படித்தவர்களே கேட்கிறார்கள். ஹிட்லர் வந்தபோது ஜெர்மனியில் யூதர்கள் மக்கள்தொகையில் 1 சதவீதம்கூட இல்லை. முதல் உலகப் போரில் ஜெர்மனிக்காகப் போரிட்டுச் செத்த யூதர்கள் சுமார் 12,000 பேர். அந்தப் போரில் முதுகில் குத்தித் தோற்கடித்தவர்கள் என்ற பழி அவர்கள் மீதே விழுந்தது. வங்கி முதலாளிகள் என்று ஒரு குற்றச்சாட்டு, முதலாளித்துவத்தை ஒழிக்க வந்த கம்யூனிஸ்டுகள் என்று இன்னொன்று. இரண்டும் ஒரே மேடையில், ஒரே மூச்சில்.

புகையைத் தயாரித்தவர்கள் இருந்தார்கள். 1348இல் ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவியபோது கிணற்றில் விஷம் கலந்தது யூதர்கள்தான் என்று கிளப்பிவிட்டு ஊர் ஊராகக் கொன்றார்கள். 1903இல் ரஷ்யாவில், யூதப் பெரியவர்கள் உலகை ஆளத் தீட்டிய இரகசியத் திட்டம் என்று சொல்லி ஓர் ஆவணம் வெளியானது. பிரெஞ்சு மன்னர் மூன்றாம் நெப்போலியனைக் கிண்டல் செய்து 1864இல் வந்த ஒரு நூலிலிருந்து பத்தி பத்தியாகத் திருடிச் செய்த போலி அது என்று 1921இலேயே லண்டன் ‘டைம்ஸ்’ நாளிதழ் நிரூபித்தது. நிரூபித்து என்ன? ஹிட்லரின் நாஜிக் கட்சியினர் அதைப் பள்ளிக்கூடம் வரை கொண்டு போனார்கள்.

தமிழ் யூடியூபில் ‘உலகை ஆளும் 13 குடும்பங்கள்’, ‘இல்லுமினாட்டி’ என்று ஓடும் வீடியோக்களைப் பார்த்திருப்பீர்கள். பார்ப்பவர்களில் பலர் வாழ்நாளில் ஒரு யூதரைக்கூடச் சந்தித்திருக்க மாட்டார்கள். வங்கி, ஊடகம், நோய், போர் எல்லாம் ஒரு சிறு கூட்டத்தின் கையில் என்ற அந்தக் கதைக்கு மூலப்பிரதி இந்தப் போலி ஆவணம்தான். உலகம் முழுவதிலும் யூதர்கள் சுமார் ஒன்றரைக் கோடி. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகை மட்டும் 7 கோடிக்கு மேல். இதுபோன்ற வீடியோ குடும்பக் குழுவுக்கு வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். அனுப்பிய சித்தப்பாவிடம் எங்கிருந்து வந்தது என்று மரியாதையாகவே கேளுங்கள்.

“60 லட்சம் எல்லாம் மிகைப்படுத்தியது”

1945 ஏப்ரலில் அமெரிக்கத் தளபதி ஐசனோவர் ஓர்ட்ரூஃப் முகாமுக்கு நேரில் போனார். பிற்காலத்தில் யாராவது இதெல்லாம் வெறும் பிரசாரம் என்று சொன்னால் நேரில் கண்ட சாட்சியாகத் தானே பேச வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அங்கே போனதாக எழுதினார். கொன்றவர்களின் வாக்குமூலமும் இருக்கிறது. 1943 அக்டோபரில் போசன் நகரில் நாஜிகளின் எஸ்.எஸ். படைத் தலைவர் ஹிம்லர் தன் அதிகாரிகளிடம் யூத மக்களை அழிப்பது பற்றி வெளிப்படையாகப் பேசிய ஒலிப்பதிவு இன்றும் உள்ளது. 2000ஆம் ஆண்டு லண்டன் உயர் நீதிமன்றத்தில், இந்தப் படுகொலையை மறுத்து எழுதிவந்த டேவிட் இர்விங் தொடுத்த அவதூறு வழக்கில், அவர் சான்றுகளை வேண்டுமென்றே திரித்தார் என்று நீதிபதி தீர்ப்பெழுதினார்.

நாமும் ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும். எல்லாரும் போலந்தில் இருந்த ஆஷ்விட்ஸ் கொலைமுகாமில்தான் இறந்தார்கள், எல்லாரும் விஷவாயுவால்தான் இறந்தார்கள் என்று பேசினால், மறுப்பவர்களுக்கு நாமே கம்பு எடுத்துக் கொடுக்கிறோம். ஆஷ்விட்ஸில் கொல்லப்பட்ட யூதர்கள் சுமார் 10 லட்சம். கீவ் நகருக்கு அருகே பாபின் யார் பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாட்களில் 33,771 யூதர்களைச் சுட்டார்கள். அந்த எண்ணிக்கை கொன்றவர்களின் அறிக்கையிலேயே இருக்கிறது. போலந்தின் வார்சாவில் யூதர்களை அடைத்து வைத்த ‘கெட்டோ’ என்ற பகுதியில் பசியாலும் டைபஸ் காய்ச்சலாலும் செத்தவர்கள் பல்லாயிரம். ஜெருசலேமில் உள்ள யாத் வஷெம் நினைவகம் பல பத்தாண்டுகள் உழைத்து சுமார் 50 லட்சம் பெயர்களைத் திரட்டியிருக்கிறது. மீதிப் பெயர்கள் கிடைப்பது கடினம். பல ஊர்களில் பெயரைச் சொல்ல ஒரு உறவினர்கூட மிஞ்சவில்லை.

“ஹிட்லர் சும்மாவா செஞ்சான்?”

காஸா பற்றிய செய்திகளுக்குக் கீழே தமிழில் இந்தக் கருத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. காஸாவில் பல்லாயிரக்கணக்கில் மக்கள் கொல்லப்பட்டதைக் கண்டு பதறுவது மனித இயல்பு. இஸ்ரேல் அரசைக் கடுமையாகக் கண்டிப்பது யூத வெறுப்பு ஆகாது. இஸ்ரேல் தெருக்களிலேயே அந்த அரசை எதிர்த்து யூதர்கள் திரண்டிருக்கிறார்கள். அந்தக் கண்டனத்தையெல்லாம் யூத வெறுப்பு என்று முத்திரை குத்துவதும் தவறுதான். உண்மையான வெறுப்பைச் சுட்டும்போது அந்தச் சொல் கூர் மழுங்கிப் போகும். ஆனால் ஓர் அரசு செய்ததற்கு மான்செஸ்டரில் தொழப் போன முதியவரைப் பொறுப்பாக்குவதும், 1942இல் செத்த குழந்தைகளின் சாவை இன்றைய செய்தியைக் காட்டி நியாயப்படுத்துவதும் வெறுப்பு. அதற்கு வேறு பெயர் இல்லை. 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் தாக்குதலில் கொல்லப்பட்ட சுமார் 1,200 பேரைப் பார்த்து, ‘அவர்களுக்கு வேண்டும்’ என்று சொன்னதற்கும் இது பொருந்தும்.

கூடவே ஒரு மீம் சுற்றுகிறது: ‘எல்லா யூதர்களையும் கொன்றிருப்பேன், ஏன் கொன்றேன் என்று உலகம் புரிந்துகொள்ளச் சிலரை விட்டுவைத்தேன்.’ ஹிட்லர் இப்படிச் சொன்னதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நடந்ததோ நேர் எதிர். 1944 மே முதல் ஜூலை வரை, போரில் தோற்றுக்கொண்டிருந்த நிலையிலும், ஹங்கேரியிலிருந்து சுமார் 4 லட்சத்து 40 ஆயிரம் யூதர்களை ரயிலேற்றினார்கள். பெரும்பாலானோர் போன இடம் ஆஷ்விட்ஸ். யாரையும் விட்டுவைக்கவில்லை. தப்பியவர்கள் தப்பினார்கள், அவ்வளவுதான்.

“அவங்களுக்கு மட்டும் ஏன் உலகமே அழுகிறது?”

முள்ளிவாய்க்காலில் உறவுகளை இழந்தவர்கள் இதைக் கேட்கும்போது அந்த வலிக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்கள் நீதி கேட்டு நிற்கும்போது பயன்படுத்தும் ‘இனப்படுகொலை’ என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் சொல்லத் தோன்றுகிறது. அதன் ஆங்கில மூலச் சொல்லை 1944இல் உருவாக்கியவர் ரஃபேல் லெம்கின் என்ற போலந்து யூத வழக்கறிஞர். நாஜிகளால் தன் குடும்பத்தில் 49 பேரை இழந்தவர். அதை ஒரு குற்றமாக்கி 1948 டிசம்பரில் ஐநா உடன்படிக்கை வர, அலுவலகம் அலுவலகமாக அலைந்தவரும் அவரே. ஒரு துயரத்தைக் குறைத்துப் பேசி இன்னொன்றைப் பெரிதாக்க முடியாது. இந்திய வேர் கொண்ட மொழியைப் பேசும் ரோமா மக்களில் குறைந்தது இரண்டரை லட்சம் பேரை நாஜிகள் கொன்றதும், மாற்றுத்திறனாளிகளைக் கொன்று பழகியதும் இதே வரலாற்றின் பகுதிகள்.

“ஆடு மாதிரி போய்ச் செத்தார்கள்”

இதுவும் பொய். வார்சா கெட்டோவில் 1943 ஏப்ரல் 19 அன்று தொடங்கிய எழுச்சி ஏறக்குறைய ஒரு மாதம் நீடித்தது. ட்ரெப்ளிங்கா, சோபிபோர் கொலைமுகாம்களில் கைதிகள் கலகம் செய்து தப்பினார்கள். துப்பாக்கி இல்லாமலும் எதிர்த்தார்கள். அந்த மாணவனை மறுபடி பார்த்தால் தன்னம்பிக்கைக்கு நான் சொல்லப்போகும் கதை அதுதான்.

வார்சாவில் இம்மானுவேல் ரிங்கல்ப்ளம் என்ற வரலாற்று ஆசிரியர் சில டஜன் பேரைச் சேர்த்துக்கொண்டு, கெட்டோவில் நடப்பதையெல்லாம் இரகசியமாகச் சேகரித்தார். நாட்குறிப்புகள், குழந்தைகள் பள்ளிக்கு எழுதிய கட்டுரைகள், டிராம் டிக்கெட்டுகள், மிட்டாய்க் காகிதங்கள், ரேஷன் அட்டைகள். சாகப்போகிறோம் என்று தெரிந்ததும் எல்லாவற்றையும் தகரப் பெட்டிகளிலும் பால் கேன்களிலும் போட்டுப் புதைத்தார்கள். புதைக்க உதவிய டேவிட் கிராபருக்கு 19 வயது. உலகத்திடம் கத்திச் சொல்ல முடியாததை மண்ணில் புதைக்கிறோம் என்று ஒரு தாளில் எழுதி அதையும் உள்ளே வைத்தான். ரிங்கல்ப்ளமை 1944 மார்ச்சில் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் குழுவில் மூன்று பேர்தான் உயிர் பிழைத்தார்கள். முதல் தொகுப்பை 1946இலும் இரண்டாவதை 1950இலும் தோண்டி எடுத்தார்கள். மூன்றாவதைப் பல முறை தேடியும் இன்றுவரை கிடைக்கவில்லை.