பதினொரு குட்டிக் கணினிகள்: எது எங்கே இருக்கிறது, எதற்கு இருக்கிறது

அலமாரிக்குப் பின்னால் ஒரு பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. எதற்காக அதை அங்கே வைத்தேன் என்று ஞாபகம் வரவில்லை. பிடுங்கிப் பெட்டியில் போட்டுவிட்டேன். ஆறு நாள் கழித்துத்தான் தெரிந்தது, இரவில் புகைப்படங்களைப் பிரதி எடுத்து வைக்கும் ராஸ்பெர்ரி பை 3 (ஒரே பலகையில் அடங்கிய குட்டிக் கணினி) அதுதான் என்று. அன்றைக்கே வீட்டிலுள்ள பதினொன்றுக்கும் கணக்கு எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பெயர் வையுங்கள். என் ரவுட்டரின் பட்டியலில் நான்கு பலகைகள் 'ராஸ்பெர்ரிபை' என்றே நின்றன, நிறுவும்போது வந்த பெயரை மாற்றாத சோம்பலால். செய்யும் வேலையைப் பெயராக வைக்காதீர்கள். வேலை மாறும், பெயர் பொய்யாகிவிடும். நான் பறவைப் பெயர்களை வைத்திருக்கிறேன்: மைனா, கொக்கு, ஆந்தை. (இரவுப் பிரதி எடுப்பது ஆந்தை என்பது தற்செயல்தான்.) அந்தப் பெயரை லேபிளில் எழுதி ஈதர்நெட் போர்ட்டின் (நெட்வொர்க் கேபிள் செருகும் இடம்) உலோக மேல்புறத்தில் ஒட்டுங்கள். ஹீட்சிங்க் (சில்லின் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டு) மேல் ஒட்டினால் சூட்டில் உரிந்துவிடும்.

அப்புறம் மாடல். பை 4-இல் 2 ஜிபியையும் 8 ஜிபியையும் பார்த்த பார்வையில் பிரித்தறிய முடியாது. ஆனால் லினக்ஸில் இருக்கும் சிபியு விவரக் கோப்பில் (/proc/cpuinfo) 'ரிவிஷன்' என்றொரு குறியீடு இருக்கும். மாடல், நினைவக அளவு இரண்டும் அதிலேயே அடங்கியிருக்கின்றன. சீரியல் எண்ணும் அதே கோப்பில்தான். மலிவு மினி பிசிக்களில் இந்த வசதியை நம்ப முடியாது. சீரியல் எண் கேட்டால் 'தயாரிப்பாளர் நிரப்ப வேண்டும்' என்ற பொருளில் ஒரு வரிதான் பல நேரம் வரும். அவற்றுக்கு மேக் முகவரியையே (நெட்வொர்க் இணைப்பு ஒவ்வொன்றுக்கும் உள்ள அடையாள எண்) அடையாளமாக எழுதிக்கொள்ளுங்கள். கேபிளுக்கு ஒன்று, வைஃபைக்கு ஒன்று என்று இரண்டு முகவரிகள் இருக்கும், இரண்டையும் குறியுங்கள். நான் ஒன்றை மட்டும் எழுதிவிட்டு, இல்லாத பன்னிரண்டாவது கணினியை ஒரு மாலை முழுக்கத் தேடினேன்.

இனி அடாப்டர். பலகையைவிட இதற்குத்தான் லேபிள் அவசியம். பை 3-க்கு மைக்ரோ யூஎஸ்பி, 5 வோல்ட், 2.5 ஆம்பியர். பை 4-க்கு டைப்-சி, 3 ஆம்பியர். பை 5-க்கும் அதே டைப்-சிதான், ஆனால் அதில் செருகும் யூஎஸ்பி கருவிகளுக்கும் முழு மின்சாரம் கிடைக்க 5 ஆம்பியர் வேண்டும். போதாவிட்டால் பலகை அணையாது, காரணம் சொல்லாமல் தடுமாறும். நாம் மென்பொருளைத் திட்டிக்கொண்டிருப்போம். மினி பிசி இதைவிட மோசம். 12 வோல்ட், 19 வோல்ட் இரண்டும் ஒரே மாதிரி உருளை முனையோடு வருவதுண்டு. 12 வோல்ட் பெட்டியில் 19 வோல்ட்டைச் செருகி ஒன்றைக் கொன்றிருக்கிறேன். இப்போது பெட்டியிலும் அதன் அடாப்டரிலும் ஒரே பறவைப் பெயர்.

பலகையின் மென்பொருள் இருக்கும் மெமரி கார்டைத் தனி ஆளாகவே எண்ணுங்கள், அது பலகை விட்டுப் பலகை தாவும். நகத்தளவு கார்டில் ஓர் எழுத்துக்குத்தான் இடம்: மெல்லிய மார்க்கரால் அ, ஆ, இ என்று எழுதி, விவரத்தைக் கணக்கில் வையுங்கள். ஒரு கார்டை அப்படியே நகலெடுத்து இன்னொரு பலகையில் போட்டால் பெயர், மெஷின் ஐடி (கணினியின் உள் அடையாள எண்), எஸ்எஸ்ஹெச் ஹோஸ்ட் சாவி (தொலைவிலிருந்து நுழையும்போது இது எந்தக் கணினி என்று காட்டும் சாவி) எல்லாம் சேர்ந்தே போகும். நகலுக்குப் புதிதாக உருவாக்கிக் கொடுத்த பிறகே நெட்வொர்க்கில் விடுங்கள்.

கணக்குக்கு ஒரு சாதாரண உரைக்கோப்பு போதும், கணினிக்கு ஒரு வரி. இந்தக் குட்டிகளில் ஒன்றிலேயே அதை வைக்காதீர்கள். (வைத்திருந்தேன். எது செத்தது என்று பார்க்கப் போனால், செத்தது அதுதான்.) பெயர், மாடல், மேக், கார்டு, இடம், கடைசியாக அப்டேட் செய்த தேதி. இவற்றோடு 'பிடுங்கினால் எந்த வேலை நின்றுபோகும்' என்று வரியில் ஓர் இடம் வையுங்கள். நான் அதிகம் திறந்து பார்ப்பது அதைத்தான்.

மாதம் ஒருமுறை ரவுட்டர் பட்டியலையும் கோப்பையும் ஒப்பிடுகிறேன். போன முறை பத்து சரியாக இருந்தன. 'காக்கை' மட்டும் பிங்குக்கு (இருக்கிறாயா என்று நெட்வொர்க்கில் கேட்கும் சோதனை) உடனே பதில் சொல்கிறது, ஆனால் வீட்டில் எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. வைஃபையில் ஓடுவதால் கேபிளைப் பிடித்துக்கொண்டு போகவும் வழியில்லை.