எலிக்குச் சொறி வந்தால் செய்யக் கூடாதவை

கோலாலம்பூர் செந்தூல் பக்கம் எலி வளர்க்கும் தம்பிகள் ராத்திரியில் எனக்கு அனுப்பும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: பிடரியிலும் தோளிலும் பொடிப்பொடியாகச் சிரங்கு. பெரும்பாலும் மைட் என்னும் மிகச் சிறிய ஒட்டுண்ணிப் பூச்சியின் வேலை. கூண்டைக் கழுவு, கையைக் கழுவு என்பது எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

ஒரு சொட்டு மருந்து

இன்னமும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். மாடு வளர்க்கும் சொந்தக்காரரிடம் ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணிக் கொல்லி ஊசி மருந்துப் பாட்டில் கிடைத்துவிடும். "ஒரே ஒரு சொட்டுதாண்ணே வாயில விட்டேன்" என்பான். சரி, கணக்குப் போடுவோம். 1% மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம். ஒரு சொட்டு ஏறக்குறைய 0.05 மில்லி, அதாவது அரை மில்லிகிராம். உடல் எடையில் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம் என்று வைத்தால், 300 கிராம் எலிக்கு வேண்டியது 0.06 மில்லிகிராம்தான். எட்டு மடங்குக்கு மேல் கொடுத்தாயிற்று!

அப்படிக் கொடுத்த ஒருவன் மறுநாள் வீடியோ அனுப்பினான். எலி நான்கு காலும் நடுங்க, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தது. சிரங்கால் சாகாத எலி சொட்டால் போயிற்று. தண்ணீர் கலந்து கொடுத்தால் சரியாகிவிடும் என்றும் நினைக்காதீர்கள். அந்த ஊசி மருந்து தண்ணீரில் சீராகக் கலக்காது. சமையல் தராசில் எலியை நிறுத்து, எடையோடு மருத்துவரிடம் போங்கள். அளவை அவர் சொல்லட்டும்.

சொறிகிற எலிக்கு மட்டும் வைத்தியம்

கூண்டில் இருக்கும் அத்தனைக்கும் கொடுக்க வேண்டும்.

சிரங்கு உதிர்ந்ததும் நிறுத்துவது

மருந்து மைட்டின் முட்டையைக் கொல்லாது. அவை பொரிந்து வரும்போது அடுத்த முறை கொடுக்க வேண்டும், வழக்கமாக ஒன்றிரண்டு வாரம் கழித்து. பாதிப் பேர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அப்புறம் "மருந்து வேலை செய்யல" என்று பழி வேறு.

வேப்பெண்ணெய்

பாட்டி வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் எலி உடம்பு முழுவதையும் நக்கும். பூசியது வயிற்றுக்குள் போகும். வேண்டாம்.

எல்லா மைட் பூச்சியும் ஒன்று என்று நினைப்பது

ரோமத்தில் வாழும் மைட்டால் வரும் சிரங்கு, பெரும்பாலும் எலி தானே சொறிந்து உண்டாக்கும் புண். காது ஓரத்திலும் மூக்கிலும் மஞ்சளாக மரு போலத் தடித்தால், அது தோலைத் துளைத்து உள்ளே குடியிருக்கும் வகையாக இருக்கலாம். மருத்துவர் தோலைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்ப்பார். மூன்றாவது வகை இரத்தம் குடித்துவிட்டு எலியை விட்டு இறங்கி, படுக்கைத் தூளிலும் இடுக்கிலும் ஒளிந்துகொள்ளும். நம்மையும் கடிக்கும். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக் கூரைக்குள் ஓடும் காட்டு எலியிடமிருந்தும் அது வரும். உங்கள் கையிலும் சிவப்பாகத் தடித்தால், எலிக்கு மருந்து கொடுத்தால் மட்டும் போதாது. கூண்டுத் தூளை அள்ளிக் கட்டி வெளியே போட்டுவிட்டு, கூரை ஓட்டையையும் அடைத்துவிடுங்கள்.